300 வெள்ளியோடு முடியாத கணக்கு

வண்டி ஓட்டும்போது கையில் போனோடு பிடிபட்டால் அபராதம் எவ்வளவு என்று மலேசியாவின் பினாங்கில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வரும்: 300 வெள்ளி, அதாவது ரிங்கிட். பிறையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் தெரியும், குவீன் ஸ்திரீட் கோவில் வாசலில் பூ விற்பவருக்கும் தெரியும். தொகை சரிதான். ஆனால் அந்த 300க்கு அப்பால் சட்டத்தில் என்னென்ன காத்திருக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. நன்றாகப் படித்தவர்கள்கூட, "அதான் சம்மன் கட்டியாச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். அந்த 'அப்புறம்' என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் வழக்கறிஞர் இல்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள். கோர்ட்டு வட்டாரத்தில் 'ரன்னிங் டவுன் கேஸ்' என்பார்கள். போலீஸ் ரிப்போர்ட் எடுப்பது, மருத்துவமனை அறிக்கைக்கு எழுதிப் போடுவது, மோதிய வண்டிக்கு எந்தக் காப்புறுதி நிறுவனம் என்று தேடிப் பிடிப்பது, குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுவது எல்லாம் என் வேலை. பல வருடமாக இந்தக் கோப்புகளோடு இருப்பதால், போன் சம்பந்தப்பட்ட விபத்து எப்படித் தொடங்கி எங்கெல்லாம் போகிறது என்று பார்த்திருக்கிறேன். இங்கே சொல்லும் சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த 300ஐப் பார்ப்போம். அது 1959ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து விதிகளில் வருகிறது. சம்மன் தாளில் 'எல்.என். 166/59' என்று போட்டிருக்கும், அதுதான். அதில் 17ஏ என்ற விதி, வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 1959இல் கைப்பேசி ஏது? பிற்காலத்தில் செருகிய விதி என்பதற்கு எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஏ' எழுத்தே அடையாளம். பழைய வீட்டில் புதிதாக ஒரு சின்ன அறை கட்டியதுபோல, அந்தக் காலத்து விதிகளுக்கு நடுவே இதையும் சேர்த்திருக்கிறார்கள். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது எடுத்துப் பார்த்தால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பரவாயில்லை என்று இல்லை. சாலையில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கேயும் சம்மன் உண்டு என்று போலீஸ் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். வேஸ், கூகுள் மேப் பார்ப்பவர்கள் போனைத் தாங்கியில் மாட்டி, கிளம்புவதற்கு முன்பே இடத்தைத் தட்டிவிட வேண்டும். அதையே கையில் ஏந்திக்கொண்டோ, தொடைமேல் வைத்துக்கொண்டோ ஓட்டினால் "வழிதான் பார்த்தேன்" என்ற பதில் எடுபடாது.

சம்மன் கட்டும் முறையும் மாறியிருக்கிறது. வருடக் கடைசியில் தள்ளுபடி போடுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மவர்கள் சம்மன்களை டிராயரில் சேர்த்து வைக்கும் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2026 ஜனவரி முதல், கம்பவுண்டு கட்டி, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டித் தீர்க்கக்கூடிய சம்மன்களுக்கு, போலீஸ் கொடுத்தாலும் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகா கொடுத்தாலும் ஒரே கணக்கு. 15 நாளுக்குள் கட்டினால் பாதி. 30 நாளுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழிவு. 60 நாள் வரை முழுத் தொகை. அதையும் தாண்டினால் கோர்ட்டு. என்னைக் கேட்டால் நல்ல மாற்றம். கோர்ட்டு வரை இழுத்துவிட்டால் 300 என்ற எண்ணை மறந்துவிட வேண்டியதுதான். அதைவிடப் பெரிய அபராதத்துக்கும் சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் யார்மீதும் மோதாதபோது. மோதிவிட்டால் நீங்கள் நிற்பது வேறு சட்டத்தின் முன்னால்: 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதில் மூன்று பிரிவுகளை வண்டி ஓட்டும் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

43ஆம் பிரிவு கவனமில்லாமல் ஓட்டுவது. அபராதம் 4,000 வெள்ளியில் தொடங்கி 10,000 வரை, சிறை 12 மாதம் வரை. 42 அபாயகரமாக ஓட்டுவது. 5,000 முதல் 15,000 வெள்ளி அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. 41 என்பது அப்படி ஓட்டி ஓர் உயிர் போய்விட்டால். மது குடித்துவிட்டு ஓட்டியவர்களால் அடுத்தடுத்து உயிர்கள் போய், நாடே கொதித்துப்போயிருந்த 2020ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா, அப்போது இந்த 41ஐயும் கடுமையாக்கினார்கள். இன்றைக்கு அதில் குறைந்தபட்சமே ஐந்து ஆண்டு சிறை, அதிகபட்சம் பத்து. அபராதம் 20,000 முதல் 50,000 வெள்ளி. லைசென்ஸும் பல ஆண்டுகளுக்குப் போய்விடும்.

குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். "முதல் தடவை, வயதான அம்மா இருக்கிறார், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று வழக்கறிஞர் எவ்வளவு உருக்கமாக எடுத்துச் சொன்னாலும், 41இல் குற்றவாளி என்று தீர்ப்பானபின் நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாதபடி சட்டம் கையைக் கட்டியிருக்கிறது.

இந்த மூன்று பிரிவிலும் போன் என்ற சொல்லே கிடையாது. சாலையின் தன்மை, போக்குவரத்து, வேகம், ஓட்டிய விதம் என்று சூழ்நிலை முழுவதையும் வைத்து, அது கவனக்குறைவா, அபாயமா என்று பார்ப்பார்கள். கண்ணை சாலையிலிருந்து எடுத்துத் திரையில் வைத்திருந்தார் என்று நிரூபித்துவிட்டால், அது அபாயம் இல்லை என்று வாதாடுவது கடினம்.

என் மனதை அரிக்கும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் இரண்டு பேர் ஒரே வேகத்தில், 80 கிலோமீட்டரில், போகிறார்கள் என்று வையுங்கள். இருவருக்கும் வாட்சப் சத்தம் கேட்கிறது. இருவரும் மூன்று விநாடி கீழே பார்க்கிறார்கள். அந்த வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். மூன்று விநாடியில் 66 மீட்டர், ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு. ஒருவருக்கு முன்னால் சாலை காலி. மற்றவருக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்திருந்தது, மோதியதில் அதில் வந்தவர் இறந்துவிட்டார். முதல் ஆளை ரோட்பிளாக்கில் யாராவது பார்த்திருந்தால் 300 வெள்ளி, சீக்கிரம் கட்டினால் 150. பார்க்கவில்லை என்றால் அதுவும் இல்லை. இரண்டாவது ஆளுக்கு ஐந்து ஆண்டு. இருவரும் செய்த காரியத்தில் மயிரிழை வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முழுவதும் முன்னால் யார் இருந்தார் என்பதில் இருக்கிறது, அது ஓட்டுபவர் கையில் இல்லவே இல்லை.

அதனால்தான் 300 என்பதை நான் விலையாகவே பார்க்க மறுக்கிறேன். தினமும் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பத்திரமாக வீடு சேரும் ஒருவர், தன்னை 300 வெள்ளிக் குற்றவாளி என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் செய்துகொண்டிருப்பது ஐந்து ஆண்டுக் குற்றம். விளைவு மட்டும் இன்னும் வரவில்லை.

இதை நிரூபிப்பது எப்படி, போனில் இருந்தேன் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. விபத்து நடந்த இடத்துக்குப் போலீஸ் வந்ததும் ஒரு வரைபடம் வரைவார்கள். ரஜா காசார் என்று சொல்லுவோம். எங்கள் கோப்புகளில் மிக முக்கியமான தாள் அதுதான். சாலையின் அகலம், கோடுகள், எந்த வண்டி எங்கே நின்றது, கண்ணாடித் தூள் எங்கே கிடந்தது, தார்ச்சாலையில் கீறல் எத்தனை மீட்டர், பிரேக் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துப் போட்டு, அந்த எழுத்துக்கான விளக்கத்தைத் தனித் தாளில் எழுதி வைப்பார்கள். போன் சம்பந்தப்பட்ட கோப்புகள் பலவற்றில் கீறல் நீளமாக இருக்கும், பிரேக் தடம் இருக்கவே இருக்காது. புது வண்டிகளில் பிரேக் பூட்டிக்கொள்வதில்லை என்பதால் தடம் இல்லாததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் நேரான சாலை, நல்ல வெளிச்சம், முன்னால் நின்ற வண்டி, பிரேக்கே பிடிக்காத கார் என்று நான்கும் சேர்ந்து வரும்போது எங்கள் வழக்கறிஞர் தாளைக் கீழே வைத்துவிட்டு, "இவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?" என்று கேட்பார்.

ரஜா காசாரில் போனுக்கு எழுத்து இருக்காது. அது வேறு இடங்களில் அகப்படும். பின்னால் வந்த வண்டியின் டேஷ்கேமில். பக்கத்துத் தடத்தில் வந்த மோட்டார்காரரின் வாக்குமூலத்தில். ஒரு கோப்பில், போலீஸ் எடுத்த படத்திலேயே இருந்தது: ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில், மிதியடிமேல், திரை இன்னும் அணையாமல் போன் மல்லாந்து கிடந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பாதி தட்டிய செய்தி தெரிந்தது. என்ன எழுதியிருந்தது என்பதை இங்கே சொல்ல மாட்டேன். ஒன்றுமில்லாத விஷயம், அவ்வளவுதான்.

இன்னும் அதிகமாக அகப்படும் இடம் எது தெரியுமா? ஓட்டியவரே கொடுத்த போலீஸ் ரிப்போர்ட். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று 1987 சட்டம் சொல்கிறது. பதற்றத்தோடு போய் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறார்கள். பாயான் லெப்பாஸில் டெக்னீஷியனாக இருக்கும் தம்பி ஒருவர், தெரிந்தவர் மூலம் ஆலோசனைக்கு வந்தார். ஜெலுத்தோங் பக்கம் ஒரு சந்திப்பில், வளைந்து திரும்பும்போது எதிரே வந்த மோட்டாரில் மோதிவிட்டார். மோட்டாரில் வந்த பெரியவருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. தம்பியின் ரிப்போர்ட்டில், கையில் இருந்த போனில் வழி பார்த்துக்கொண்டிருந்ததாக அவரே சொல்லி, அது அப்படியே பதிவாகியிருந்தது. விசாரணை அதிகாரி 43ஆம் பிரிவைப் பற்றிப் பேசியதும் பயந்து எங்களிடம் ஓடிவந்திருக்கிறார்.

"அக்கா, நான் பார்த்தது வேஸ்தான். வாட்சப்கூட இல்ல. இன்னொரு ரிப்போர்ட் போட்டு அந்த வரிய எடுத்துடலாமா?"

எடுக்க முடியாது. இரண்டாவது ரிப்போர்ட் போடலாம், முதல் ரிப்போர்ட் அழியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிடப் பெரிய பரிசு வேண்டாம். உண்மையைச் சொன்னது சரியான காரியம், அதிலிருந்து பின்வாங்காதீர்கள் என்றுதான் எங்கள் வழக்கறிஞர் சொன்னார். எனக்கும் அந்தத் தம்பிமேல் கோபம் வரவில்லை. வேஸ் என்றால் ஒருவகை, வாட்சப் என்றால் இன்னொருவகை என்று அவர் மனதார நம்பியிருந்தார். கால் முறிந்த பெரியவருக்கு அந்த வித்தியாசம் எந்த விதத்திலும் உதவாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. டிரைவிங் வகுப்பில் இதையெல்லாம் யார் அழுத்திச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

"காப்புறுதி இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்பது அடுத்த கேள்வி. அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் கட்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்று சட்டம் வைத்திருப்பதே அதற்காகத்தான். உங்கள் என்சிடி, அதாவது இழப்பீடு கோராமல் ஓட்டியதற்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தரும் கழிவு, போகும், வருடக்கணக்கில் சேர்த்து 55 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்த கழிவு ஒரே நாளில் பூஜ்யம். ஆனால் அபராதம் உங்களுடையது, சிறை உங்களுடையது. அதைக் காப்புறுதி ஏற்காது. கிரிமினல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அது இழப்பீட்டு வழக்கிலும் ஆதாரமாக வந்து நிற்கும்.

இனி மறுபக்கம். அடிபட்ட குடும்பத்தின் பக்கம். என் வேலையில் பெரும்பகுதி இவர்களோடுதான், எழுதவும் கனமானது இதுதான்.

மலேசியாவில் ஒவ்வோர் ஆண்டும் சாலையில் 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அதில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டாரில் போனவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும். பினாங்கில் நம் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். பட்டர்வொர்த்திலும் பிறையிலும் வீடு, பாயான் லெப்பாஸில் வேலை, காலையும் மாலையும் மோட்டாரில் பாலம். பாலத்தில் மோட்டாருக்குத் தனித் தடம் இருக்கிறது. இறங்கியபின் எல்லாரோடும் கலந்துதான் ஓட வேண்டும். காரில் இருப்பவர் போனைப் பார்த்தால், அந்தப் பார்வையின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் காரில் இருப்பதில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்கு 24 வயது, கல்யாணம் ஆகவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது சிவப்பு விளக்கில் நின்றிருந்தவனைப் பின்னால் வந்த கார் அடித்துவிட்டது. மிதியடிமேல் போன் கிடந்த படம் என்று மேலே சொன்னேனே, அந்தக் கோப்புதான் இது. அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாத் தாள்களையும் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, மகனின் லைசென்ஸ். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், நான் நகல் எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அவரிடம் நான் விளக்க வேண்டியிருந்தது இதுதான். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில், துக்கத்துக்கு என்று ஒரு தொகை உண்டு. முன்பு 10,000 வெள்ளி, 2019 செப்டம்பர் முதல் 30,000. கணவன் இறந்தால் மனைவிக்கு, மனைவி இறந்தால் கணவனுக்கு. பெற்றோருக்கு என்றால், இறந்த பிள்ளை வயதுக்கு வராதவராக இருந்தால். 24 வயது மகனைப் பறிகொடுத்த அம்மாவுக்கு அந்தத் தொகையில் ஒரு வெள்ளிகூடக் கிடையாது. சட்டத்தின் பார்வையில் அவருக்குத் துக்கம் என்ற கணக்கே இல்லை.

அவர் கேட்கக்கூடியது, மகன் உயிரோடு இருந்தால் அவருக்குக் கொடுத்திருப்பானே, அந்தப் பணம். மாதம் 600 வெள்ளி கொடுத்தான் என்று காட்ட முடிந்தால், 12ஆல் பெருக்கி, 30 வயதுக்குள் இறந்தவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் 16ஆல் பெருக்குவார்கள். 1,15,200 வெள்ளி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் கொடுத்ததற்குச் சாட்சி? பேங்க் வழியாக அனுப்பியிருந்தால் தாளில் இருக்கும். இந்தப் பிள்ளை சம்பள நாளன்று சாமி மேடையில் ரொக்கமாக வைத்துவிட்டுப் போவானாம். "சாமி படத்துக்கு முன்னால வைப்பான்மா, நான் எடுத்துக்குவேன்" என்றார். அதைக் கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும், மளிகைக் கடைக்காரரைக் கூப்பிட வேண்டும். மகனை இழந்த ஒரு தாய், மகன் தனக்குச் சோறு போட்டான் என்பதைக் கூண்டில் ஏறி நின்று, குறுக்கு விசாரணையில் தாக்குப்பிடித்து நிரூபிக்க வேண்டும்.

இதோடும் முடியவில்லை. எதிர்த் தரப்பு, இறந்தவர்மேலும் தவறு இருந்தது என்று சொல்லும். பின்விளக்கு எரிந்ததா? ஹெல்மெட் வாரை மாட்டியிருந்தானா? அவன் கையில் போன் இருந்ததா? 30 விழுக்காடு அவன் தவறு என்று கோர்ட்டு ஏற்றால் அந்த 1,15,200 வெள்ளி 80,640 ஆகிவிடும். மோட்டாரில் போகும் பிள்ளைகள் சிலர் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கழித்தல்தான் ஞாபகம் வரும். அவர்கள் தங்கள் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை, வீட்டில் இருப்பவர்களின் வழக்கையும் சேர்த்துப் பலவீனமாக்குகிறார்கள்.

காதில் மாட்டும் கருவி இருந்தால் சரியாகிவிடுமா? சட்டத்தில் கையில் பிடிப்பதுதான் குற்றம் என்பதால் சம்மனிலிருந்து தப்பலாம். மூளைக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. போன் பயன்படுத்திக்கொண்டு ஓட்டுபவருக்கு விபத்து வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையில் பிடிக்காமல் பேசுவது பெரிதாகப் பாதுகாப்பு இல்லை என்பதையும் அதே நிறுவனம் சேர்த்தே சொல்கிறது. 43ஆம் பிரிவு வந்தால், "காதில் மாட்டித்தானே பேசினேன்" என்பது கவனமாக ஓட்டினேன் என்பதற்குச் சான்று ஆகாது.

உணவு விநியோகம் செய்யும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர்கள் போன் கைப்பிடியில் மாட்டியிருக்கும், கையில் இருக்காது. ஆனால் ஆர்டர் வந்தால் சில விநாடிக்குள் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். மழையில், பர்மா ரோட்டு நெரிசலில், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திரையைத் தட்டுகிறார்கள். சம்மன் அந்தப் பிள்ளைக்குத்தான் வரும். வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்பது அந்தச் செயலிக்கு நன்றாகவே தெரியும், வாடிக்கையாளருக்கு வரைபடத்தில் காட்டுவதே அதைத்தான். நகரும்போது ஆர்டரைத் திரையில் காட்டாமல், நின்றபின் காட்டு என்று வைப்பது முடியாத காரியமா? இதைப் பிள்ளைகளின் பொறுப்பில் மட்டும் விடுவது அநியாயம் என்று நினைக்கிறேன். செயலி நடத்துபவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

சட்டத்தையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. இந்தியாவில் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, கையில் பிடிக்கும் தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்துவதை, அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றிய 184ஆம் பிரிவுக்குள்ளேயே பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். அங்கே அதை எவ்வளவு ஒழுங்காக அமல்படுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம். சட்டம் அந்தச் செயலை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறது என்பதைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் முதல் தடவைக்கே 1,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று வைத்திருக்கிறார்கள், மறுபடி செய்தால் இரட்டிப்பு. நம் நாட்டில் அது இன்னும் 1959 விதிகளுக்குள் ஓர் 'ஏ' எழுத்தோடு உட்கார்ந்திருக்கிறது. 2020இல் மதுவுக்கு எதிராக மக்கள் குரல் கொடுத்தபோது நாடாளுமன்றம் அசைந்தது. குடித்தவரின் காரில் அடிபட்டாலும் போன் பார்த்தவரின் காரில் அடிபட்டாலும் ரஜா காசாரில் கீறல் ஒரே மாதிரிதான் விழுகிறது. அந்தக் குரல் போனுக்கும் வேண்டும்.

சட்டம் மாறும்வரை நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. கூப்பிடுபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். முதலாளி, மனைவி, அம்மா, அண்ணன். எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுகிறோம், மறுபடியும் கூப்பிடுகிறோம், "எங்க போய்ட்ட?" என்று வாட்சப்பில் குரல் பதிவு வேறு அனுப்புகிறோம். ஓட்டுபவர் கடைசியில் எடுத்துவிடுகிறார்.

எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி, "வண்டியில் இருக்கிறீர்களா?" என்பதுதான். "ஆமாம்மா, பாலத்துலதான் இருக்கேன், சொல்லுங்க" என்பார்கள். "சரிண்ணே, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுவேன். ஒரு சிலர் கோபித்துக்கொள்வார்கள். ஒருவர், கேஸைப் பற்றிக் கேட்டால் கிளார்க் போனை வெட்டிவிடுகிறார் என்று வழக்கறிஞரிடமே புகார் சொன்னார். இந்த அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று அவர் பதில் சொல்லிவிட்டார். உறவினர் இறந்ததற்காகப் போடும் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம், காயத்துக்கு ஆறு ஆண்டு. பாலத்தைத் தாண்டும் நேரத்துக்குள் காலாவதியாகிப்போகும் கேஸ் எதுவும் எங்களிடம் இல்லை.